ஆற்றில் கழிவு கலக்கிறதா? நீர்ச் சட்டம் தரும் 60 நாள் நோட்டீஸ்

ஆற்றில் நுரை பொங்கினால் போட்டோ எடுத்துக் கலெக்டரிடம் மனு கொடுக்கிறோம். தப்பில்லை. ஆனால் 1974ஆம் ஆண்டு நீர் மாசு தடுப்புச் சட்டத்தில் இதைவிட அழுத்தமான வழி ஒன்று உண்டு. பலருக்கு அது தெரிவதில்லை.

முதலில் அளவீடு. காவிரி, பவானி, தாமிரபரணி போன்ற ஆறுகளில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் குறித்த இடங்களில் தண்ணீர் எடுத்துச் சோதிக்கிறது. மத்திய வாரியம் தண்ணீரை ஏ முதல் இ வரை ஐந்து வகையாகப் பிரித்திருக்கிறது. குளிக்க ஏற்றது பி வகை: ஒரு லிட்டரில் கரைந்த ஆக்சிஜன் குறைந்தது 5 மில்லிகிராம் இருக்க வேண்டும், பி.ஓ.டி., அதாவது கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் இழுத்துக்கொள்ளும் ஆக்சிஜன், 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.

இந்த அளவீடு ஆறு கெட்டிருப்பதைச் சொல்லும்; கெடுத்தது யார் என்று சொல்லாது. அதற்கு ஆலையின் கழிவுநீரையே பிடிக்க வேண்டும். அங்கேதான் 21ஆவது பிரிவு வருகிறது. வாரிய அதிகாரி ஆலைக்காரருக்கு நோட்டீஸ் கொடுத்து, அவர் முன்னிலையில் மாதிரியை இரண்டாகப் பிரித்து, சீல் வைத்து, இருவரும் கையெழுத்திட வேண்டும். இந்த முறை பிசகினால் ஆய்வு முடிவு கோர்ட்டில் சாட்சியமாக ஏறாது. ஆகவே நாமே பாட்டிலில் பிடித்து வைப்பதைவிட, கழிவு ஓடும் நேரத்திலேயே வாரியத்தை வரவழைப்பதுதான் பலன் தரும்.

வாரியம் அசையவில்லையா? 49ஆவது பிரிவைக் கையில் எடுக்கலாம். என்ன குற்றம், வழக்குத் தொடரப் போகிறேன் என்று வாரியத்துக்கு 60 நாள் நோட்டீஸ் அனுப்பிவிட்டு, அந்த 60 நாள் முடிந்த பிறகு யார் வேண்டுமானாலும் நேரடியாக மாஜிஸ்திரேட் கோர்ட்டில் புகார் கொடுக்கலாம். நோட்டீஸ் போய்ச் சேர்ந்ததற்குச் சான்று கிடைக்கும்படி ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். இப்படிப் புகார் கொடுப்பவர் கேட்டால் வாரியம் தன்னிடமுள்ள அறிக்கைகளைத் தர வேண்டும். பொதுநலனுக்கு எதிரானது என்று கருதினால் மட்டுமே மறுக்கலாம். எனக்கு இந்தப் பிரிவில் மிகப் பிடித்த இடம் இதுதான்.

ஆலையை மூடவும் மின்சாரத்தைத் துண்டிக்கவும் 33ஏ பிரிவு வாரியத்துக்கு அதிகாரம் தருகிறது. அதிகாரம் இருந்தும் திருப்பூரில் நொய்யல் விவசாயிகள் பல வருடம் வழக்கு நடத்த வேண்டியிருந்தது. சாயப்பட்டறைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது 2011 ஜனவரியில்தான்.

சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வுக்கும் போகலாம். ஆனால் அங்கே பிரச்சினை தொடங்கிய 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும்; தகுந்த காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் கிடைக்கும். வாரியத்தின் பதிலுக்காகக் காத்திருந்து இந்தக் கெடுவைத் தவறவிட்டுவிடாதீர்கள்.