மொசைக் மேல் தண்ணீர் தெளிக்காதீர்கள்

சின்னச் சின்னக் கற்களை ஓவியமாகப் பதித்த பழைய மொசைக் தரைகளைப் பழுதுபார்ப்பது என் தொழில். மண்டியிட்டு உட்கார்ந்து விரல் கணுவால் தரையை மெல்லத் தட்டுவதுதான் முதல் வேலை. கெட்டியாகக் கேட்டால் சரி. காலிப் பானையைத் தட்டியதுபோல் கேட்டால், கல்லுக்குக் கீழே சுண்ணாம்புக் காரை விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். மேலே ஓவியம் புதுசு மாதிரி இருக்கும். ஒரு செருப்புக்கால் அழுத்தினால் போதும், கற்கள் உதிர்ந்துவிடும்.

இத்தாலியின் சிசிலித் தீவில் பியாட்சா அர்மெரினா ஊருக்கு வெளியே வில்லா ரோமானா டெல் கசாலே இருக்கிறது. கி.பி. 4-ஆம் நூற்றாண்டில் ரோமானியர் கட்டிய நாட்டுப்புற மாளிகை, சுமார் 3,500 சதுர மீட்டர் மொசைக். ஏறக்குறைய 60 மீட்டர் நீளமுள்ள ஒரு நடைக்கூடம் முழுக்க வேட்டைதான்: யானை கப்பலேறுகிறது, காண்டாமிருகத்தைச் சேற்றிலிருந்து இழுக்கிறார்கள். 12-ஆம் நூற்றாண்டில் மலை சரிந்து மூடிய மண்தான் இதையெல்லாம் காப்பாற்றியது.

1950-களில் பெரிய அளவில் தோண்டினார்கள். வெளிச்சம் வேண்டுமென்று ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் கூரை போட்டார்கள். கோடையில் உள்ளே புழுங்கித் தள்ளியது. தரையைப் பல இடங்களில் பெயர்த்து, கம்பி கட்டிய கான்கிரீட்மேல் பதித்தார்கள். வீட்டு மாடியில் கம்பி துருப்பிடித்து உப்பி, சிமெண்டைப் பிளப்பதைப் பார்த்திருப்பீர்களே, அதே கதிதான் இதற்கும். அன்று அக்கறையோடு செய்ததுதான், நான் குறை சொல்லவில்லை. வெயிலைத் தடுக்கும் புதுக் கூரையோடு பழுதுபார்ப்பு முடிய 2012 ஆகிவிட்டது.

இங்கிலாந்தின் ரட்லாந்தில் 2020-ல் ஒரு வயலுக்கடியில் கிரேக்கக் காவிய வீரர்களான அக்கிலீஸ், ஹெக்டர் சண்டையைக் காட்டும் ரோமானிய மொசைக் கிடைத்தது. ஆராய்ந்து பதிவு செய்தபின் மறுபடி மண்ணால் மூடிவிட்டார்கள். பலருக்கு ஏமாற்றம். எனக்கு நிம்மதி.

அப்புறம், மொசைக் பார்க்கப் போகிறவர்களுக்கு: நிறம் பளிச்சென்று தெரிய வழிகாட்டி தண்ணீர் தெளிக்க வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த ஈரம் காயும்போது உள்ளே கரைந்த உப்பு மேலே ஏறி வெள்ளையாகப் பூக்கும். பூக்கும்போதே கல்லின் மேற்பரப்பைப் பொடியாக்கும். பெயர்ந்த கல் கண்ணில் பட்டால் கையில் எடுக்காமல் காவலரிடம் இடத்தைக் காட்டுங்கள். எங்கே கிடந்தது என்று தெரிந்தால்தான் அதைத் திருப்பிப் பதிக்க எங்களால் முடியும்.