வைன்: வடிக்காத பானத்துக்கு வடிசாலை எதற்கு?

‘வைன் வடிசாலை’ என்ற தொடர் இப்போது எங்கும் கிடக்கிறது. சுற்றுலாத் துண்டுப்பிரசுரம், தொலைக்காட்சித் துணைத்தலைப்பு, கைபேசி செய்துதரும் மொழிபெயர்ப்பு என்று எதைத் திறந்தாலும் வைன் செய்யும் இடமான வைனரிக்கு இதுதான் தமிழ். வைன் வடிக்கப்படுவதே இல்லை என்பதை இவர்களுக்கு யாரும் சொல்லவில்லை போலும்.

முதலில் சொல்லின் வேர். இலத்தீனில் வீனும், போர்த்துக்கேயத்தில் வின்யோ, ஆங்கிலத்தில் வைன். இலங்கையில் நாங்கள் வைன் என்கிறோம், தமிழ்நாட்டார் ஒயின் என்கிறார்கள். ஆனால் ஆங்கிலேயன் வருவதற்கு முன்பே இந்தச் சொல் வேறு வேடத்தில் எங்கள் குசினிக்குள் வந்துவிட்டது. அச்சாறுக்கு ஊற்றும் வினாகிரி போர்த்துக்கேயச் சொல். அதன் முற்பாதி வைன், பிற்பாதி புளிப்பு. வேரைப் பற்றி இவ்வளவு போதும்.

இனி வடிசாலை. இலங்கைத் தமிழில் இதற்குப் பொருள் ஒன்றுதான். திக்கம் வடிசாலை என்றால் வடமராட்சியில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும், பனங்கள்ளிலிருந்து சாராயம் எடுக்கும் இடம். புளித்த கள்ளைக் கொதிகலனில் ஏற்றிச் சூடாக்குவார்கள். மதுசாரம் (அல்கஹோல்) 78 பாகை செல்சியஸை ஒட்டிக் கொதிக்கும், நீர் 100 பாகையில். அதனால் முதலில் எழும் ஆவியில் மதுசாரம் கூடுதலாக இருக்கும். அதைக் குளிரவைத்துப் பிடித்தால் சாராயம். பாடப்புத்தகம் இதைக் காய்ச்சி வடித்தல் என்கிறது.

வைன் ஆலையில் அடுப்பே இல்லை. திராட்சையை நசுக்குகிறார்கள், மதுவம் (ஈஸ்ட்) சாற்றிலுள்ள சீனியைத் தின்று மதுசாரமாக்குகிறது. லீற்றருக்கு ஏறத்தாழ 17 கிராம் சீனி கரைந்தால் ஒரு வீதம் மதுசாரம் கிடைக்கும். 13 வீத வைன் வேண்டுமென்றால் சாற்றில் 220 கிராம் அளவில் சீனி இருக்கவேண்டும். சிவப்பு வைனுக்குத் தோலோடு சேர்த்து ஒன்றிரண்டு கிழமை நொதிக்கவிடுவார்கள். மேலே மிதக்கும் தோலை நாளுக்கு இரண்டு மூன்று தடவை அமுக்கிவிட வேண்டும், விட்டால் தோல் காய்ந்து வினாகிரி வாடை ஏறும். வெள்ளை வைனுக்குத் தோலை முதலிலேயே பிழிந்து நீக்கிவிடுவார்கள். பிறகு வண்டல் கீழே படியும், தெளிந்ததை வேறு கலத்துக்கு மாற்றுவார்கள். இந்த வைனைக் கொண்டுபோய் உண்மையிலேயே வடித்தால் வருவது பிராந்தி. ஒல்லாந்தர் அதற்கு வைத்த பெயரின் பொருளே ‘எரித்த வைன்’. ஆகவே வைன் வடிசாலை என்று ஒன்று இருந்தால் அது பிராந்திக் கொட்டகை.

‘வடித்தல் என்றால் வடிகட்டுவதும்தானே, வைனையும் வடிகட்டுகிறார்களே’ என்று ஒரு சமாதானம் சொல்வார்கள். சோறும்தான் வடிக்கிறோம். அதற்காக வெள்ளவத்தைச் சாப்பாட்டுக் கடைகளின் சமையலறையை வடிசாலை என்று எவரும் எழுதுவதில்லை. சொல்லுக்கு அகராதியில் பத்துப் பொருள் இருக்கலாம், ‘சாலை’ சேர்ந்ததும் ஒன்றே ஒன்றுதான் நிற்கும். மதுவரித் திணைக்களத்திடம் கேட்டாலும் கள் வேறு, சாராயம் வேறு, உரிமமும் வேறு.

இதனால் நட்டம் யாருக்கு? கையில் சில நூறு ரூபா வைத்துக்கொண்டு, உள்ளூரில் வைன் எப்படி உருவாகிறது என்று பார்க்கப் புறப்படும் கம்பஸ் பிள்ளைக்குத்தான். வடிசாலை என்ற சொல்லை நம்பிப் போனால் சாராயக் கொதிகலனைத்தான் பார்த்துவிட்டு வரவேண்டும். நொதித்தலைப் பார்க்க விரும்புகிறவர் கரையோர ரயிலில் வாதுவைக்கோ களுத்துறைக்கோ போகலாம். தென்னைக்குத் தென்னை கயிறு கட்டிச் சீவல்காரர் நடப்பதை நிலத்தில் நின்று பார்க்கக் காசு இல்லை. முட்டியில் விழுந்த சில மணி நேரத்திலேயே கள் நுரைக்கத் தொடங்கும், பொழுது சாயச் சாய இனிப்புக் குறைந்து புளிப்பு ஏறும். வைன் பீப்பாவுக்குள் கிழமைக்கணக்கில் நடப்பது இங்கே ஒரே நாளில் நடக்கிறது. (கள்ளோ வைனோ, வாங்கச் சட்டப்படி 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். போயா நாளில் மதுக்கடை திறக்காது.)

பனையைக் கவனித்தால் தமிழின் தெளிவு புரியும். முட்டியில் சுண்ணாம்பு தடவி நொதிக்காமல் காத்தது கருப்பணி, நொதித்தது கள், வடித்தது சாராயம். மூன்று நிலைக்கு மூன்று சொல். இதே ஒழுங்கில் திராட்சைக்குச் சாறு, வைன், பிராந்தி. நடுவிலுள்ளதற்குத் தமிழ் என்ன என்பதில்தான் சண்டை.

‘திராட்சை ரசம்’ என்போர் பலர். கிறிஸ்தவக் கோயில் வழக்கில் ஊறிய சொல், பூசையில் அது இருக்கட்டும், யாரும் பறிக்கப்போவதில்லை. கடைக்கும் கட்டுரைக்கும் அது உதவாது. யாழ்ப்பாணத்தில் நெல்லிரசம் என்றால் தண்ணீர் கலந்து பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பானம். கொழும்புத்துறை வீதியில் உள்ள றோசறியன் மடத்தில் நெல்லிரசம், திராட்சைச் சாறு, கறுவாவும் கராம்பும் போட்ட இனிப்பு வைன் மூன்றும் செய்கிறார்கள். மூன்றையும் ரசம் என்று எழுதினால் எதை யாருக்குக் கொடுப்பது? மதுசாரம் தொடாதவர் வீட்டுக்கு எந்தப் போத்தலை வாங்கிப்போவது? போதாததற்குச் சோற்றுக்கு ஊற்றுவதும் ரசம், வெப்பமானிக்குள் இருந்ததும் ரசம். நொதித்ததா இல்லையா என்ற ஒற்றைக் கேள்விக்கு விடை சொல்லாத சொல்லை எப்படி ஏற்பது?

திராட்சையைக் கொடிமுந்திரி என்று சொல்லி, வைனைக் கொடிமுந்திரிச் சாறு என்பார் தனித்தமிழ் அன்பர். சாறு என்ற சொல்லிலேயே பழைய குறை நிற்கிறது. அதோடு தமிழ்நாட்டில் முந்திரி என்றால் எங்கள் கஜு. கஜுப்பழத்திலிருந்து கோவாவில் சாராயமே வடிக்கிறார்கள். குழப்பம் இரட்டிப்பு. ‘மது’ என்று பொதுவாகச் சொல்லித் தப்புவோருக்குப் பியரும் மதுதான் என்று நினைவூட்டினால் போதும்.

தேறல்தான் பொருத்தமான சொல். தேறு என்றால் தெளிதல். வண்டல் படிந்து தெளிந்த பானம் என்ற செய்முறை அந்தப் பெயருக்குள்ளேயே இருக்கிறது. புறநானூற்றின் 56ஆம் பாடல் ‘யவனர் நன்கலம் தந்த தண்கமழ் தேறல்’ என்கிறது. மத்தியதரைக் கடற்பக்கத்து மதுச்சாடிகள் அரிக்கமேட்டு மண்ணிலிருந்து கிடைத்திருக்கின்றன. கப்பலில் வந்த பானத்துக்கு அன்றைக்கே வைத்த பெயர் இருக்க, புதிதாகப் பட்டறை போடுவானேன்? திராட்சைத் தேறல், நெல்லித் தேறல், அன்னாசித் தேறல் என்று எந்தப் பழத்தோடும் ஒட்டும். இருந்தாலும் பம்பலப்பிட்டிக் கடையில் போய்த் தேறல் கேட்காதீர்கள். அங்கே வைன்தான். எழுத்தில் தேறல், கடையில் வைன், வைனரிக்கு வைன் ஆலை. வைன் ஆலை கலப்புச் சொல்தான், ஆனால் பொய் சொல்லவில்லை. திராட்சைத் தோட்டம் என்றும் அதைப் பெயர்க்க வேண்டாம். பழத்தை வெளியே வாங்கி வைன் செய்யும் ஆலைகள் உலகில் ஏராளம்.

இந்த மொழிபெயர்ப்பாளர்கள் லேபலிலும் கைவைக்கிறார்கள். ‘ட்றை வைன்’ என்பதை ‘உலர் வைன்’ என்கிறார்கள். போத்தலுக்குள் தூளா இருக்கிறது? நொதித்து முடிந்து சீனி தீர்ந்தது என்பதே பொருள், பெரும்பாலும் லீற்றருக்கு 4 கிராமுக்குள். இனிப்பற்ற வைன் என்றால் முடிந்தது. ‘அறை வெப்பநிலையில் பருகவும்’ என்பது இன்னொன்று. அந்த அறை ஐரோப்பாவின் பழைய கல்வீட்டு அறை, 16 முதல் 18 பாகை. கொழும்பு அறையில் 30 பாகை. அந்தச் சூட்டில் சிவப்பு வைன் மதுசார நெடிதான் வீசும், பிறிட்ஜில் அரை மணி நேரம் வைத்து எடுங்கள். திறந்த போத்தலையும் அடைத்து அங்கேயே வைத்தால் மூன்று நாலு நாள் தாங்கும். 750 மில்லிலீற்றர்ப் போத்தலை ஆளுக்கு 60 மில்லியாக ஊற்றினால் பன்னிரண்டு பேர் சுவைத்துப் பார்க்கலாம், செலவும் பன்னிரண்டாகப் பிரியும். கண்ணாடி அலமாரியில் வெயில் பட நின்ற போத்தல் எவ்வளவு மலிவென்றாலும் வேண்டாம்.

வைனில் நாக்கைப் பிடிக்கும் பொருளான டனினுக்கு ‘தோல்பதனி’ என்று எழுதுவோர் துவர்ப்பு என்ற சொல்லை மறந்தது எப்படியென்று தெரியவில்லை. அறுசுவையில் ஒன்றாகவே எண்ணி வைத்திருக்கிறோம். அது என்னவென்று அறிய வைன் வாங்கவும் தேவையில்லை. வெறுந்தேத்தண்ணிக்குத் தேயிலையை ஏழெட்டு நிமிடம் ஊறவிட்டு, சீனி போடாமல் ஒரு மிடறு குடியுங்கள். நாக்கையும் ஈறையும் பிடிக்கிறதே, அதுதான்.