ஓங்கரிக்கும் நாயின் வயிற்றைப் பாருங்கள்

விடியற்காலையில் கட்டிலுக்கு அடியிலிருந்து ‘ஹக்... ஹக்...’ என்று சத்தம் வந்தால், நாய் வளர்ப்பவர்கள் பாதித் தூக்கத்திலேயே பழைய துணியைத் தேடுவார்கள். பல நாள் துணிக்கு வேலையே இருக்காது. நாய் எதையோ விழுங்கிவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்ளும். தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்றுதான் நமக்கு முதலில் தோன்றும். ஆனால் பார்க்க வேண்டியது தொண்டையை அல்ல, வயிற்றை.

ஓங்கரிப்பை நடத்துவது மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் முகுளம். குடல் எரிச்சலை நரம்பு வழியாகவும், ரத்தத்தில் கலந்த நஞ்சை நேரடியாகவும் அது உணர்ந்துகொள்ளும். முதலில் குமட்டல்: நாய் உதட்டை நக்கும், எச்சில் ஒழுகும், இடம் மாறி மாறி நிற்கும். அப்புறம் குரல்வளை மூடிக்கொள்ள, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானமும் வயிற்றுத் தசைகளும் ஒன்றாக இறுகும். இரைப்பையில் இருப்பது உணவுக்குழாய்க்குள் ஏறி, மறுபடி இறங்கும். அடிபம்பில் தண்ணீர் வருவதற்கு முன் வெறும் காற்றாக நாலைந்து அடி அடிப்போமே, அந்த மாதிரி. விலா எலும்புக்குக் கீழே வயிறு உள்வாங்கி உள்வாங்கி எழும்பும். கடைசியில் உதரவிதானம் உணவுக்குழாயைச் சுற்றித் தளர்ந்து வழிவிட்டால்தான் வாந்தி. இரவு முழுக்க வெறும் வயிற்றோடு கிடந்த நாய் காலையில் மஞ்சளாக நுரை கக்குவதும் இப்படித்தான், அது பித்தநீர்.

வயிறு இப்படி எழும்பாமல் சத்தம் மட்டும் வந்தால், பெரும்பாலும் அது இருமல். தொற்றுநோயான ‘கென்னல் காஃப்’ வந்த நாய் வறட்டு இருமலாக இருமி, கடைசியில் ஓங்கரித்துக் கொஞ்சம் வெள்ளை நுரையைத் துப்பும். பொமரேனியன் போன்ற சின்ன நாய்களுக்கு மூச்சுக்குழாயின் குருத்தெலும்பு வளையங்கள் தளர்ந்துபோவது உண்டு. கழுத்துப் பட்டையை இழுத்தாலே வாத்து கத்துவதுபோல இருமும்.

எதுக்களிப்பு வேறு. முக்கலும் முனகலும் இல்லாமல், தலையைத் தாழ்த்தியதும் சாப்பிட்ட சோறு அப்படியே வந்து விழும். கோளாறு இரைப்பையில் இல்லை, உணவுக்குழாயில்.

பயப்பட வேண்டிய நிலை இரண்டு உண்டு. கிரேட் டேன், ஜெர்மன் ஷெப்பர்டு போல நெஞ்சு ஆழமான பெரிய நாய் திரும்பத் திரும்ப ஓங்கரித்தும் ஒன்றும் வராமல், வயிறு மத்தளமாக உப்பினால், இரைப்பை காற்று நிறைந்து முறுக்கிக்கொண்டிருக்கலாம். நுழைவாய், வெளிவாய் இரண்டும் அடைபட்டுவிடும். இதயத்துக்குத் திரும்பும் ரத்தமும் தடைபடும். சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். ஓமத் தண்ணீர், கஷாயம் என்று நேரத்தைக் கடத்தாமல் உடனே அறுவை சிகிச்சைக்குக் கொண்டுபோக வேண்டும்.

இன்னொன்று வெறிநோய். தாடை தொங்கி, எச்சில் வடித்து, விழுங்க முடியாமல் தவிக்கும் நாயைப் பார்த்தால் எலும்பு மாட்டியதுபோலவே இருக்கும். உண்மையில் தொண்டைத் தசைகள் செயலிழந்திருக்கும். பரிதாபப்பட்டு வாய்க்குள் கையை விடாதீர்கள். எச்சில் பட்டுவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, நேராகத் தடுப்பூசிக்குப் போங்கள்.

மற்ற நேரங்களில் உதவுவது கைப்பேசிதான். ஓங்கரிக்கும்போது வயிறு தெரிகிற மாதிரி பக்கவாட்டில் நின்று ஒரு வீடியோ எடுத்து வையுங்கள். மருத்துவரின் மேஜையில் ஏற்றியதும் அந்த நாய், ஒன்றுமே நடக்காததுபோல வாலாட்டிக்கொண்டு நிற்கும்.