டிஸ்சார்ஜ் ஆன பிறகு கையில் இருக்கும் போன்

குடிநோய் சிகிச்சைக்கு வரும் குடும்பங்களில், பெரும்பாலும் மகனோ மகளோ, இப்போது தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "டாக்டர், இதுக்கு நல்ல ஆப் ஏதாவது இருக்கா?" இருக்கிறது, பயனும் உண்டு. எந்தக் கட்டத்தில் அது உதவும் என்பதைத் தெரிந்துகொண்டு பயன்படுத்த வேண்டும்.

ஆபத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறது, ஒரு கட்டிங் போட்டால்தான் நிற்கிறது என்ற நிலையில் இருப்பவர், ஆப்பை நம்பி வீட்டிலேயே ஒரேயடியாகக் குடியை நிறுத்தக் கூடாது. கடைசியாகக் குடித்த 6 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாளில் சிலருக்கு மனக்குழப்பம் வரும். இல்லாத ஆட்கள் தெரிவார்கள், உடம்பு கொதிக்கும், வியர்த்துக் கொட்டும். உடனே சிகிச்சை தராவிட்டால் உயிர் போகக்கூடிய நிலை இது. ஆப் நாளை மட்டும்தான் எண்ணும். அவர் மிக மோசமான கட்டத்தில் இருக்கும்போது, திரையில் "வாழ்த்துகள், 2 நாட்கள்!" என்று வந்து நிற்கும். அந்த முதல் வாரத்தை மருத்துவமனையில், மாத்திரையும் தயமின் (வைட்டமின் பி1) ஊசியும் போட்டுக் கடப்பதே பாதுகாப்பு.

ஆப் உண்மையாக உதவுவது வீடு திரும்பிய பிறகு. வார்டில் பத்திரமாக இருந்தவர் அதே தெரு, அதே கடை, அதே நண்பர்களிடம் திரும்புகிறார். அடுத்த ஓபி சீட்டு இரண்டு வாரம் கழித்து. ஆனால் மாலை ஆறு மணி தினமும் வருகிறதே! இந்த இடைவெளியைப் போனால் நிரப்ப முடியுமா என்று அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் டேவிட் குஸ்டாஃப்சன் குழுவினர் சோதித்தார்கள். உள்நோயாளிச் சிகிச்சை முடித்த 349 பேர் அந்த ஆய்வில் இருந்தார்கள். ஒரு பாதிக்கு வழக்கமான கவனிப்பு, இன்னொரு பாதிக்கு அதோடு 8 மாதம் 'ஏ-செஸ்' என்ற ஆப் உள்ள போன். 2014ல் வெளிவந்த முடிவில், கடந்த 30 நாளில் அளவுக்கு மீறிக் குடித்த நாட்கள் ஆப் வைத்திருந்தவர்களுக்குச் சராசரியாக 1.39, மற்றவர்களுக்கு 2.75. ஏறக்குறைய பாதி.

அந்த ஆப்பில் என்ன இருந்தது என்பதைத்தான் நான் எல்லோரிடமும் சொல்கிறேன். தான் வழக்கமாகக் குடித்த இடங்களை அவரே முன்கூட்டிக் குறித்து வைக்கலாம், பக்கத்தில் போனால் போன் எச்சரிக்கும். நிலைமை கைமீறினால் அழுத்த ஒரு பொத்தான். வாரம் ஒருமுறை சில கேள்விகள், பதில் ஆலோசகருக்குப் போகும். குடியை விட்ட மற்றவர்களோடு பேச ஒரு இடம். அதாவது மறுமுனையில் ஆட்கள் இருந்தார்கள். இன்று இலவசமாகக் கிடைக்கும் பல ஆப்களில் நாள் எண்ணிக்கை மட்டும்தான் இருக்கிறது.

அந்த எண்ணிக்கை பற்றி எனக்குத் தயக்கம் உண்டு. 90 நாள் குடிக்காதவர் ஒரு கல்யாண வீட்டில் சறுக்கிவிட்டால், திரை பூஜ்யத்துக்குப் போகிறது. "எல்லாம் போச்சு, இனிமே என்ன?" என்று அன்று ஒரு குவார்ட்டரோடு நிற்க வேண்டியது ஒரு வாரக் குடியாகிறது. ஒரு சறுக்கலை முழுத் தோல்வியாக நினைப்பதுதான் பழையபடி விழ வைக்கிறது என்று அமெரிக்க உளவியலாளர் ஆலன் மார்லட் 1980களிலேயே எழுதினார். எண்ணத்தான் வேண்டுமென்றால், இந்த வருடத்தில் மொத்தம் எத்தனை நாள் குடிக்கவில்லை என்று எண்ணுங்கள். ஒரு சறுக்கலால் அந்த எண் பூஜ்யமாகாது.

நன்கு தெரிந்த ஆப்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் இருக்கின்றன. அதனால் என் நோயாளிகளுக்குக் கையில் இருக்கும் போனையே அமைத்துத் தருகிறோம். முதல் திரையில் மூன்று எண்கள்: ஏஏ (குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' அமைப்பு) கூட்டத்தில் பழகிய ஒருவர், வீட்டில் ஒருவர், போதை மீட்புக்கான தேசிய இலவச உதவி எண் 14446. மாலை ஐந்தரைக்கு ஒரு அலாரம், "சாப்பிட்டாச்சா?" என்ற பெயரில், ஏனென்றால் பசி குடிக்கும் ஆசையைக் கிளப்பிவிடும். வார்டில் தெளிவாக இருக்கும்போதே அவர் தனக்குத்தானே பேசிப் பதிவு செய்த குரல். பெரும்பாலும் ஆசை அரைமணி நேரத்துக்குள் தணிந்துவிடும். அதுவரை யாரிடமாவது பேசிக்கொண்டிருந்தால் போதும்.

இன்னொன்று, பலர் யோசிக்காதது. முன்பெல்லாம் "கையில் காசு வைத்துக்கொள்ளாதீர்கள்" என்போம். ஏடிஎம் கார்டை மனைவியிடம் கொடுத்துவிடுவார்கள். இப்போது போனே பர்ஸ். பல வங்கி ஆப்களில் யுபிஐ தினசரி வரம்பைக் குறைக்க முடியும். அவர் சம்மதத்தோடு, முதல் மூன்று மாதமாவது அதைச் செய்யுங்கள்.

சம்மதம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். அவர் எங்கே நிற்கிறார் என்று ரகசியமாகப் பார்க்கும் ஆப்பைப் போட்டுவிட்டு, மாலை முழுக்க அந்த நீலப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருக்கும் மனைவிகளைப் பார்க்கிறேன். அவர்கள் தூக்கம் போகிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது, அவர் குடிப்பது குறையவில்லை. விஷயம் தெரிந்ததும் அவர் இன்னொரு சிம் வாங்கிவிடுகிறார். வாட்ஸ்அப்பில் வரும் "சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்" பொடி விளம்பரங்களும் இதே வகை ரகசியம்தான். அதில் டைசல்ஃபிராம் (மதுவோடு சேர்ந்தால் உடம்பைக் கடுமையாகப் பாதிக்கும் மருந்து) இருந்து, அது தெரியாமல் அவர் குடித்தால் உயிருக்கே ஆபத்து.

குடும்பத்தின் போன் குடும்பத்துக்கே உதவட்டும். குடிப்பவரின் வீட்டாருக்கான அல்-அனான் கூட்டங்கள் ஆன்லைனிலும் நடக்கின்றன. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் உளவியலாளர் ராபர்ட் மேயர்ஸ் உருவாக்கிய 'கிராஃப்ட்' முறை வீட்டாருக்குப் பேசும் விதத்தைக் கற்றுத்தருகிறது. குடிக்காத நேரத்தில் பேசுவது, குடிக்காத நாளில் கூடவே இருப்பது, குடித்த நாளில் வாதாடாமல் விலகுவது, அவருக்காக ஆபீசுக்குப் பொய் சொல்லி லீவு கேட்காமல் இருப்பது. 1999ல் வெளியான ஆய்வில், இதைக் கற்ற குடும்பங்களில் 64 சதவீதத்தினர், சிகிச்சையே வேண்டாம் என்றிருந்தவரைச் சிகிச்சைக்குக் கொண்டுவந்தார்கள். இந்தியாவில் 2019ல் வெளியான தேசியக் கணக்கெடுப்பின்படி, குடிக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது சிகிச்சை கிடைத்திருக்கிறது. மீதி 37 வீடுகளில் முதலில் உதவி கேட்கப்போவது பெரும்பாலும் மனைவியோ அம்மாவோதான்.

வீட்டில் அடி விழுகிறது என்றால் இந்தப் பேச்சு முறையெல்லாம் பிறகு. முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள். பெண்கள் உதவி எண் 181ஐ அவர் கண்ணில் படாத ஒரு பெயரில் போனில் சேமித்து வையுங்கள்.