மறுபடியும் அதே கப்பலுக்கு டிக்கெட் போடும் முன்

சென்னையில் டிராவல் ஏஜென்சி நடத்துகிறேன். பதினைந்து வருடமாகச் சொகுசுக் கப்பல் பயணங்களுக்கு டிக்கெட் போட்டுக் கொடுக்கிறேன், பெரும்பாலும் சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் மூன்று, நான்கு இரவுப் பயணங்கள். முதல் தடவை வருகிறவர்கள் எல்லாக் கப்பலையும் துருவித் துருவி விசாரிப்பார்கள். எது விலை குறைவு, எதில் நம்ம சாப்பாடு கிடைக்கும், குழந்தைகளுக்கு என்ன இருக்கிறது என்று ஒரு வாரம் போன் வந்துகொண்டே இருக்கும். ஒரு தடவை போய் வந்துவிட்டால் அந்த விசாரணையே நின்றுபோகிறது. "போன தடவை போனோமே, அதே கம்பெனியிலேயே போட்டுடுங்க" என்பதோடு சரி. வேறு கப்பலில் ஆளுக்கு ஐயாயிரம் ரூபாய் குறைகிறது என்று நான் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

திரும்ப வருகிறவர்களுக்குக் கப்பல் கம்பெனி கொடுக்கும் பாயிண்டுக்காகத்தான் இப்படிச் செய்கிறார்கள் என்று முதலில் நானும் நினைத்திருந்தேன். கும்பகோணத்திலிருந்து வந்த ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர் தம்பதிதான் அந்த எண்ணத்தை மாற்றினார்கள். அந்த அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு, முழங்கால் வலியும் உண்டு. இரண்டாம் தடவை போய் வந்து என்னிடம் சொன்னார்: "தம்பி, போன தடவை ரூமைக் கண்டுபிடிக்கவே ரெண்டு நாள் ஆச்சு. இந்த தடவை லிஃப்டை விட்டு இறங்கினதும் கால் தானா இடது பக்கம் திரும்பிடுச்சு." அவர் போன கப்பல் ஜென்டிங் ட்ரீம். 335 மீட்டர் நீளம், பதினெட்டுத் தளம். ஒரே மாதிரி கதவுகள் வரிசையாக இருக்கும் அந்த நடைபாதையில் முழங்கால் வலியோடு தப்பான பக்கம் போய்த் திரும்பி வருவது எவ்வளவு பெரிய தண்டனை என்று யோசித்துப் பாருங்கள். தயிர்சாதம் எந்தக் கவுன்டரில் இருக்கும், ராத்திரி மாத்திரைக்கு முன்னால் எத்தனை மணிக்குப் போனால் கூட்டம் இருக்காது, எந்த டெக்கில் காலையில் நிழல் விழும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். படுக்கையில் துண்டை யானை மாதிரி மடித்து வைத்துவிட்டு, அவர் கேட்காமலேயே காலுக்குக் கூடுதலாக ஒரு தலையணை போட்ட அறைப் பணியாளரைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினார்.

மூன்று இரவுப் பயணத்தில் முதல் ஒன்றரை நாள் வழி கண்டுபிடிப்பதிலேயே போய்விடுகிறது. இரண்டாம் தடவை அந்த ஒன்றரை நாளும் கைக்குக் கிடைக்கிறது. பழைய கம்பெனிக்கே திரும்புகிறவர்கள் கூடுதலாகக் கொடுக்கும் பணம் இதற்குத்தான், வயதானவர்களுக்கு அது நியாயமான விலை என்றே நினைக்கிறேன்.

இதில் இன்னொன்றும் உண்டு. மக்கள் ஒட்டிக்கொள்வது கம்பெனியோடு என்று சொல்கிறோம், உண்மையில் கப்பலோடும் அதில் இருக்கும் ஆட்களோடும்தான். இதே ஜென்டிங் ட்ரீம் 2016இல் ட்ரீம் குரூஸஸ் என்ற கம்பெனிப் பெயரில் ஓட ஆரம்பித்தது. 2022 ஜனவரியில் அதன் தாய் நிறுவனமான ஜென்டிங் ஹாங்காங் கலைப்புக்கு மனு செய்தது. இது சின்னக் கம்பெனி இல்லை, 1993இல் ஸ்டார் குரூஸைத் தொடங்கி ஆசியாவில் இந்தத் தொழிலையே வளர்த்த நிறுவனம். அதே 2022 ஜூனில் அதே கப்பல் ரிசார்ட்ஸ் வேர்ல்ட் குரூஸஸ் என்ற புதுக் கம்பெனிப் பெயரில் சிங்கப்பூரிலிருந்து கிளம்பியது. 2025இல் கம்பெனி ஸ்டார்ட்ரீம் குரூஸஸ் என்று மறுபடியும் பெயர் மாற்றிக்கொண்டது. என்னிடம் வந்தவர்கள் யாரும் கம்பெனிப் பெயரைக் கேட்கவில்லை, "அந்தப் பழைய கப்பல்தானே?" என்றுதான் கேட்டார்கள். அதனால் கம்பெனி பெரிது, நம் பாயிண்ட் பத்திரமாக இருக்கும் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள்.

சரி, பாயிண்ட் கணக்குக்கு வருகிறேன். நம் ஊர்க்காரர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான்.

ராயல் கரீபியன் என்ற கப்பல் கம்பெனி திரும்ப வருகிறவர்களுக்கு வைத்திருக்கும் கிரவுன் அண்ட் ஆங்கர் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் இரவுக்கு ஒரு பாயிண்ட், சூட் என்ற பெரிய சொகுசு அறை எடுத்தால் இரண்டு. 3 பாயிண்டில் கோல்டு நிலை, 30இல் பிளாட்டினம், 55இல் எமரால்டு, 80இல் டயமண்ட், 175இல் டயமண்ட் பிளஸ், 700இல் பினாக்கிள். தினமும் சில பானங்கள் இலவசம், தனி லவுஞ்ச் என்று சொல்லிக்கொள்ளும்படியான சலுகைகள் டயமண்டில்தான் தொடங்குகின்றன. வருடத்துக்கு ஒரு தடவை நான்கு இரவு போகிறவர் பிளாட்டினம் தொட எட்டு வருடம், டயமண்ட் தொட இருபது வருடம். மயாமி, ஃபோர்ட் லாடர்டேல் பக்கத்தில் குடியிருந்து, பணி ஓய்வுக்குப் பிறகு காரில் துறைமுகத்துக்குப் போய் வருடத்துக்கு ஆறேழு தடவை கப்பல் ஏறும் அமெரிக்கர்களுக்கு இந்தத் திட்டம் கச்சிதமாகப் பொருந்துகிறது. விமான டிக்கெட், சிங்கப்பூர் விசா என்று எல்லாம் போட்டுக்கொண்டு போகிற நமக்கு, "இன்னும் பத்து பாயிண்ட்தான் சார்" என்று சூட்டுக்கு இரட்டிப்புப் பணம் கட்டுவது கட்டுப்படியாகாது. குழந்தைகளை மட்டும் பெற்றோரின் கணக்கோடு மறக்காமல் சேர்த்துவிடுங்கள், பதினெட்டு வயது வரை அவர்களுக்கும் பெற்றோரின் நிலையே கிடைக்கும்.

விதிகளும் நிரந்தரம் இல்லை. இரவுக் கணக்கை விட்டுவிட்டு, செலவழிக்கும் பணத்தை வைத்துத் தகுதி கொடுக்கப்போவதாக கார்னிவல் கப்பல் கம்பெனி 2025இல் அறிவித்தபோது, பல வருடம் இரவுகளை எண்ணிச் சேர்த்தவர்கள் எவ்வளவு நொந்துபோனார்கள் என்று பார்த்தோம். மறுபக்கம், எம்.எஸ்.சி. மாதிரி சில கம்பெனிகள் வேறு கம்பெனியில் நீங்கள் வைத்திருக்கும் தகுதியைக் காட்டினால் தங்கள் திட்டத்தில் அதற்கு ஈடான நிலையைக் கொடுத்திருக்கின்றன. கேட்டால்தான் கொடுப்பார்கள். அதனால் புதுக் கம்பெனிக்குப் போகும்போது பழைய கம்பெனியின் உறுப்பினர் கார்டு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

என் மனசை உறுத்தும் ஒரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். கடைசி ராத்திரி, நிகழ்ச்சி முடிந்து எல்லோரும் சந்தோஷமாக வெளியே வரும் நேரத்தில், அடுத்த பயணத்துக்கு முன்பதிவு செய்யும் மேசை ஒன்று திறந்திருக்கும். இப்போதே முன்பணம் கட்டினால் கப்பலில் செலவழிக்க இவ்வளவு டாலர் தருகிறோம் என்பார்கள். பல நேரம் அது நல்ல சலுகைதான். ஆனால் என்னிடம் வரும் நான்கு பேர் கொண்ட ஒரு குடும்பம், ஏழு வருடமாக ஒரே கம்பெனியில் போய்க்கொண்டிருந்தவர்கள், அந்த உற்சாகத்திலேயே கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். பெண்ணின் தேர்வுத் தேதி மாறியது. ரத்து செய்யப் போனால், கட்டிய முன்பணம் திரும்ப வராத வகை என்று பதில் வந்தது. அந்த வரி அவர்கள் கையெழுத்துப் போட்ட தாளிலேயே இருந்தது. இத்தனை வருடம் வந்திருக்கிறோம், நமக்கு விட்டுக்கொடுப்பார்கள் என்று நினைத்தார்கள், விட்டுக்கொடுக்கவில்லை. அந்த மேசையில் உட்காரும் முன் முன்பணம் திரும்ப வருமா, தேதி மாற்றலாமா, எத்தனை மாதத்துக்குள் போக வேண்டும் என்ற மூன்றையும் கேட்டு, எழுத்தில் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

போகும் இடம் முக்கியம் என்றால் பழைய கம்பெனியைத் தயங்காமல் விட்டுவிடலாம். சிங்கப்பூரில் ராயல் கரீபியனிலேயே போய்ப் பழகிய ஒருவர் அமெரிக்காவின் அலாஸ்காவில் பனியாறுகள் இருக்கும் கிளேசியர் பே தேசியப் பூங்காவைப் பார்க்க வேண்டும் என்று வந்தார். அந்தப் பூங்காவுக்குள் கோடை நாள் ஒன்றுக்கு இரண்டு பெரிய கப்பல்களுக்குத்தான் அனுமதி, அனுமதி வைத்திருப்பதில் முக்கியமானவை ஹாலண்ட் அமெரிக்கா, பிரின்சஸ், நார்வேஜியன் போன்ற கம்பெனிகள். அவருடைய கம்பெனி அங்கே போகவில்லை. கார்டைப் பார்த்து டிக்கெட் எடுத்திருந்தால் அலாஸ்கா வரை போயும் அந்தப் பனியாறுகளைப் பார்க்காமல் திரும்பியிருப்பார். பிரின்சஸில் அனுப்பினேன்.

டிக்கெட் விலையில் ஒரு பங்குதான் எனக்குக் கமிஷன், விலை கூடினால் எனக்கு லாபம்தான். இருந்தும் சொல்கிறேன், ஒவ்வொரு தடவையும் இன்னொரு கம்பெனியின் விலையையும் கேளுங்கள். கட்டணத்தை மட்டும் பார்க்காமல் துறைமுக வரி, தினப்படி டிப்ஸ், இன்டர்நெட் எல்லாம் சேர்த்த மொத்தத் தொகையைக் கேளுங்கள். வித்தியாசம் பத்து சதவீதத்துக்குள் இருந்து, கூட வருகிறவர்கள் வயதானவர்களாக இருந்தால், பழகின கப்பலிலேயே போகச் சொல்வேன். இளையவர்கள் என்றால் புதுசைப் பார்க்கச் சொல்வேன். எதில் போனாலும் பணம் கட்டும் முன் உங்கள் உறுப்பினர் எண் புக்கிங்கில் ஏறியிருக்கிறதா, கார்டில் இருக்கும் பெயரும் பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயரும் ஒன்றுதானா என்று பார்த்துவிடுங்கள். இனிஷியல் ஒன்றில் முன்னாலும் இன்னொன்றில் அப்பா பெயராக விரிந்தும் இருந்ததால், ஒரே ஆளுக்கு இரண்டு கணக்கு உண்டாகி பாயிண்ட் பாதிப் பாதியாகக் கிடந்ததை நானே பல தடவை சேர்த்து வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.