வராத ஐஸ் வண்டி

தொண்டிப் பக்கம் நண்டு கொள்முதல் செய்யும் ஒரு வியாபாரிக்குத் தானியங்கி வேலை ஒன்றை அமைத்துக் கொடுத்திருந்தேன். கரையில் எடை போடும் பையன் கைப்பேசிப் படிவத்தில் கிலோவைப் பதிவு செய்வான். 50 கிலோவுக்கு மேல் என்றால் ஐஸ் வண்டி ஓட்டுநருக்குச் செய்தி போகும். மூன்றாம் நாள் காலை வியாபாரி அழைத்தார். "தம்பி, ஒன்பது கிலோவுக்கு வண்டி வந்து நிற்கிறது. நேற்று நூற்றிருபது கிலோ வெயிலில் கிடந்தது. இது என்ன கணக்கு?"

தவறு என்னுடையதுதான். படிவத்திலிருந்து வந்த எடை எண்ணாக அல்ல, எழுத்தாக வந்திருக்கிறது. எழுத்து வரிசையில் 9 என்பது 50க்குப் பின்னால் வரும், அதனால் பெரியது. 120 ஒன்றில் தொடங்குவதால் சிறியது. எண்ணாக மாற்றியபின் ஒப்பிட்டிருந்தால் நண்டு தப்பியிருக்கும்.

எனக்கு உறைத்தது வேறொன்று. மென்பொருள் எந்தப் பிழையும் காட்டவில்லை. நிபந்தனைக்குப் பொருந்தாததை வடிகட்டும் ஃபில்டர் ஒரு பதிவைத் தடுத்தால், அது தன் கடமையைச் செய்ததாகவே கொள்ளப்படும். இத்தகைய தானியங்கி வேலைகளை அமைக்க உதவும் பவர் ஆட்டோமேட் மென்பொருளில், வேலையைத் தொடக்கிவைக்கும் ட்ரிக்கருக்கே நிபந்தனை வைத்தால், அது பொருந்தாதபோது ஓட்டம் தொடங்குவதே இல்லை. அதே வகை மென்பொருளான ஸாப்பியரில் ஃபில்டர் தனிப் படி. தடுத்தது வரலாற்றில் தெரியும், கட்டணத்துக்கு எண்ணப்படும் டாஸ்க் கணக்கில் ஏறாது. செலவு மிச்சம் என்று எல்லா நிபந்தனையையும் வாசலிலேயே வைக்கத் தோன்றும். இப்போது நான் அப்படிச் செய்வதில்லை. தொலைந்தால் பரவாயில்லை என்பதற்கு மட்டுமே வாசலில் தடை. மற்றதை உள்ளே விட்டு, பொருந்தாதவற்றைத் தனித் தாளில் எழுதவைக்கிறேன். மாலையில் ஒருவர் அதைப் பார்த்தால் போதும்.

வாசலில் தடை வைத்தே தீர வேண்டிய இடமும் உண்டு. 'பதிவு மாறினால் ஓடு' என்ற ட்ரிக்கர், ஓடி முடித்து அதே பதிவில் 'செய்தி அனுப்பியாயிற்று' என்று எழுதினால் அதுவும் ஒரு மாற்றம்தானே? மறுபடி ஓடும், மறுபடி எழுதும். ஓட்டுநரின் கைப்பேசி அலறிக்கொண்டே இருக்கும். 'நிலை காலியாக இருந்தால் மட்டும்' என்று ட்ரிக்கரிலேயே வைத்துவிட வேண்டும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களில் செய்தியே வேண்டாம் என்றார் வியாபாரி. தேதியை மட்டும் நிபந்தனையாக வைத்திருந்தால் நாட்டுப்படகு நண்டும் நின்றுபோயிருக்கும், தடை விசைப்படகுக்குத்தானே. படகின் வகையையும் சேர்த்தேன். இன்னொரு கண்ணி: பல மென்பொருள்கள் உலகப் பொது நேரத்தில் கணக்கிடும். நமக்கு ஜூன் 15 விடிந்தாலும் காலை 5.30 வரை அவற்றுக்கு ஜூன் 14தான்.

தமிழில் நிபந்தனை எழுதுவோருக்கு மட்டும் வரும் தலைவலி ஒன்று. 'தொண்டி' என்பதில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது; ஃபில்டருக்கு இரண்டும் வேறு ஊர். ஒரு கைப்பேசியிலிருந்து வந்த பதிவுகள் மட்டும் காணாமல்போன காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு அரைநாள் பிடித்தது.

ஊர்ப் பெயரைத் தட்டச்சு செய்யவிடாமல், பட்டியலில் தொட்டுத் தேர்வு செய்யும்படி மாற்றினேன். எடை போடும் பையனுக்கு அதில் மகிழ்ச்சி. நண்டு பிடித்த ஈரக் கையால் இனித் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை.