வாக்குத்தத்த அட்டையும் வராத வேலையும்

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் புது வருஷத்துக்கான தேவ வாக்கு என்று எடுத்த வசன அட்டை, அதாவது வாக்குத்தத்த அட்டை, பைபிளுக்குள் பத்திரமாக இருக்கிறது. ஜூலையும் வந்துவிட்டது. டிஎன்பிஎஸ்சி பட்டியலில் நம்பர் இல்லை. பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் போனை எடுப்பதில்லை. மதுரைப் பக்கம் ஆலோசனைக்கு வரும் கிறிஸ்தவக் குடும்பங்களில் பேச்சு அந்த அட்டையில்தான் ஆரம்பிக்கும்: "வசனம் குடுத்தாரே, ஏன் நடக்கல?"

அதிகம் அடிபடும் வசனம் எரேமியா 29:11. "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை" என்று தொடங்குவதால், நாம் எதிர்பார்த்த வேலை, நாம் எதிர்பார்த்த மாதம் என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது. ஆனால் அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதிய கடிதத்தில் வரும் வரி. அதற்கு முந்தின வசனம் எழுபது வருஷம் ஆகும் என்கிறது. இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்று சொன்னவன் அனனியா. 28ஆம் அதிகாரத்தைப் படித்தால் அவன் கள்ளத் தீர்க்கதரிசி என்று தெரியும். காத்திருக்கும் காலத்துக்கு எரேமியா சொன்னது: வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்கள். அரசு வேலை வரும்வரை வேறு எதற்கும் விண்ணப்பிக்காமல், "அவிசுவாசம் ஆகிவிடும்" என்று வீட்டில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு 29ஆம் அதிகாரத்தை முழுசாக வாசித்துக் காட்ட வேண்டும்.

ஒரு நோட்டை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம் நாம் கேட்டவை: இந்த வேலை, இந்த வருஷத்துக்குள் குழந்தை. வலப்பக்கம் தேவன் எல்லாருக்கும் சொன்னவை: உலகத்தின் முடிவுபரியந்தம் உங்களோடிருப்பேன் (மத்தேயு 28:20), மரித்தோரிலிருந்து எழுந்த கிறிஸ்துவினால் வரும் ஜீவனுள்ள நம்பிக்கை (1 பேதுரு 1:3). இடப்பக்கத்தில் ஒன்று விழுந்துவிட்டால் வலப்பக்கமும் விழுந்துவிட்டதாக நினைப்பதில்தான் பெரும்பாலானோர் உடைகிறார்கள். இடப்பக்கத்தை அழிக்க வேண்டாம், கேட்பதை நிறுத்தவும் வேண்டாம்.

அடுத்தது முறையிடுவது. நம் சபைகளில் தேவன் செய்த நன்மையைச் சாட்சியாகச் சொல்ல நேரம் உண்டு, புலம்ப நேரம் இல்லை. 13ஆம் சங்கீதத்தில் ஆறே வசனம்தான். முதல் இரண்டில் நாலு தடவை "எதுவரைக்கும்" என்ற கேள்வி, அடுத்த இரண்டில் வேண்டுதல், கடைசி இரண்டில் நம்பிக்கை. அதே வரிசையில் பத்து நிமிஷம், உங்கள் பேச்சுத் தமிழிலேயே எழுதுங்கள். காலையில் எழுதுவது நல்லது. ராத்திரி எழுதினால் அதையே நினைத்துத் தூக்கம் கெடலாம். மூன்றாவது பகுதி வராவிட்டால் அப்படியே விடுங்கள். 88ஆம் சங்கீதம் இருளில்தான் முடிகிறது. அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது.

பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. "விசுவாசம் பத்தல", "ஏதோ பாவம் இருக்கு", "இன்னும் விசேஷம் இல்லையா?" இந்த மூன்றையும் சொல்லாமல் இருந்தாலே பாதி உதவி. எல்லாவற்றையும் இழந்து நின்ற யோபுவின் சிநேகிதர் ஏழு நாள் பேசாமல் உட்கார்ந்திருந்தவரை நன்றாகத்தான் இருந்தார்கள். ஒருவர் சொன்னதை அவர் அனுமதியில்லாமல் ஜெபக்குறிப்பாக வாட்ஸ்அப் குழுவில் போடவும் கூடாது.

உடம்பை மறக்காதீர்கள். சூரைச்செடியின் கீழ் விழுந்து கிடந்த எலியா தீர்க்கதரிசிக்குத் தூதன் முதலில் கொடுத்தது உபதேசம் இல்லை, அடையும் தண்ணீரும். அதுவும் இரண்டு தடவை. தூக்கமும் பசியும் கெட்டிருப்பவர் உபவாசத்தை ஒத்திவைக்கட்டும். சர்க்கரை மாத்திரை போடுகிறவர் டாக்டரைக் கேட்காமல் உபவாசம் இருக்கவே கூடாது.

எலியாவின் ஜெபத்தில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்." கிறிஸ்தவ வீடுகளில் சாவு நினைப்பு பலநேரம் இப்படி ஜெபமாகத்தான் வெளியே வரும். பக்தி என்று வீட்டார் கடந்துபோய்விடுவார்கள். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள். பூச்சிமருந்து, மிச்ச மாத்திரைகளை வீட்டைவிட்டு அப்புறப்படுத்துங்கள். 14416 என்ற அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் 24 மணிநேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். அவசரம் என்றால் 108, அல்லது நேரே மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை. போலீஸ் கேஸ் ஆகுமோ என்று பயந்து மறைக்க வேண்டாம். 2017 மனநலச் சட்டம் தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது.

சாவு நினைப்பு இல்லாவிட்டாலும், இரண்டு வாரத்துக்கு மேல் தினமும் மனம் சோர்ந்து, எதிலும் நாட்டமில்லாமல், தூக்கமும் பசியும் கெட்டிருந்தால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். மனச்சோர்வுக்கான மாத்திரை வேலைசெய்யச் சில வாரம் பிடிக்கும். முதல் வாரத்திலேயே "ஒண்ணும் கேக்கல" என்று விட்டுவிடுகிறார்கள். இன்னும் சிலர் கொஞ்சம் தெளிந்ததும், சுகமளிக்கும் கூட்டத்துக்குப் போய்வந்து, சாட்சிக்காக மாத்திரையை நிறுத்துகிறார்கள். திடீரென்று நிறுத்தினால் தலைச்சுற்றல், எரிச்சல், தூக்கமின்மை வரலாம். பழைய சோர்வும் திரும்பலாம். சாட்சி சொல்லுங்கள், மாத்திரையைப் போட்டுக்கொண்டே சொல்லுங்கள். எப்போது, எவ்வளவு குறைப்பது என்பதை மருந்து எழுதிக்கொடுத்தவரே சொல்லட்டும்.